சீமைப் பசு உர்சுலாவின் மேல் வந்த வழக்கு

கலகக்காரர்கள் பில்பீமின் கால்சட்டையை மிகுந்த மரியாதையோடுதான் கழற்றினார்கள்.

"தொரை, இடது காலைக் கொஞ்சம் தூக்குங்க," என்றான் ஒருவன். தூக்கினார். "இப்ப வலது கால்." அதையும் தூக்கினார். அவருடைய நிலத்தில் குத்தகைக்கு உழுதவர்கள்தான் எல்லாரும். பழகிய மரியாதை அவ்வளவு சீக்கிரம் போகுமா? கால்சட்டைதான் போயிற்று. அதற்குப் பின்னால் வெள்ளிப் பொத்தான் வைத்த கோட்டு போயிற்று, இறகு சொருகிய தொப்பி போயிற்று, காலுறை போயிற்று. மிஞ்சியது அவர் மனைவி தாமசினின் பழைய பச்சைப் பாவாடை ஒன்று. அதில் பூச்சி அரித்த ஓட்டைகள் இருந்ததால் கலகக்காரர்கள் வேண்டாம் என்று விட்டெறிந்தார்கள். கனவான் ஹம்ஃப்ரி பில்பீம் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு, எரிந்து முடிந்த தன் வீட்டுக்கு எதிரே ஈரப் புல்லில் உட்கார்ந்திருந்தார்.

'கனவான்' என்ற அடைமொழி கடலைத் தாண்டும்போது அவரே சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்தில் இருந்தவரை அவர் சந்தை சந்தையாகப் போய்ப் பொத்தான் விற்றவர். அரசாங்கம் அயர்லாந்தில் யாரிடமிருந்தோ பிடுங்கி யாருக்கோ கொடுத்த நிலத்தில் ஒரு மூலையை வாங்கிக் குடியேறியதும், வாசலுக்கு மேலே ஒரு குலச் சின்னம் வரைய வைத்தார். நடுவில் ஒரு பசு. அதன் இரு பக்கமும் இரண்டு சிங்கங்கள் குனிந்து வணங்கும். வரைந்தவன் சாராயக் கடைகளுக்குப் பலகை எழுதுகிறவன். ஆகவே சிங்கங்கள் இரண்டும் குடித்துவிட்டு வாந்தி எடுக்கப் போகிற நாய்களைப் போல இருந்தன. பசு மட்டும் நன்றாக வந்திருந்தது. அது உர்சுலா.

ஊரெல்லாம் அவளை உர்சுலா சீமாட்டி என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பில்பீமின் முகம் சுருங்கும். கன்றாகக் கப்பலில் வந்தவள். சிவப்புத் தோல், அகன்ற நெற்றி, சுற்று வட்டாரத்துக் கறுப்பு நாட்டு மாடுகளைவிட ஒரு முழம் உயரம். அவளுடைய தாய் ஒரு பிரபுவின் தொழுவத்தில் நின்றவள், பெரிய பாட்டியை ஒரு மன்னர் வண்டி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையசைத்தார் என்று ஞாயிறுதோறும் கோயில் வாசலில் பில்பீம் சொல்லுவார். சொல்லச் சொல்ல வம்சம் வளர்ந்தது. கடைசியாக அவர் சொன்னபோது அந்த மன்னர் வண்டியைவிட்டு இறங்கியே வந்துவிட்டார்.

இப்போது வீடு இல்லை, கால்சட்டை இல்லை, அடுப்பில் வைத்திருந்த கஞ்சிகூட இல்லை. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு அவர் ஒன்றை மட்டும் கேட்டார்.

"உர்சுலா எங்கே?"

"வீடு எரிஞ்சதுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை," என்றாள் போர்வைக்குள்ளிருந்து தாமசின். "நான் முள்ளுவேலியைத் தாண்டி ஓடி வந்தேனே, கால் கிழிஞ்சுதான்னு கேக்கலை. உர்சுலா எங்கேவாம்!"

"கால் கிழிஞ்சுதா?"

"கிழிஞ்சுது. உங்க உர்சுலா அதோ நிக்கிறா. அவளுக்கு இப்ப விசாரணையாம்."

புல்வெளியின் நடுவே ஒரு பெரிய பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் டுவால்ட்டா உட்கார்ந்திருந்தான். கலகக்காரர்களுக்கு அந்தப் பக்கத்தில் அவன்தான் தலைவன். அந்த நிலம் அவன் தாத்தாவுடையது. நேற்றுவரை அதே நிலத்தில் அவன் பில்பீமுக்குக் குத்தகை கட்டினான். இளவயதில் டப்ளினில் ஒரு வக்கீலுக்குப் பை தூக்கியவன். பையில் இருந்த சட்டமெல்லாம் தோள் வழியாகவே மூளைக்கு ஏறிவிட்டதாக அவனுக்கு ஓர் எண்ணம். இப்போது பில்பீமின் கோட்டை அவன்தான் போட்டிருந்தான். அவன் மூச்சு வாங்கும் ஒவ்வொரு தடவையும் மூன்றாவது வெள்ளிப் பொத்தான் நூலில் நின்று ஊசலாடியது. பில்பீமால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அந்த மூணாவது பொத்தானை இழுக்காதப்பா. அடியில ரெட்டை நூல் போட்டு முடிச்சுப் போடணும்."

"பொத்தானைப் பத்தி ரொம்பத் தெரிஞ்ச கனவானா இருக்காரே!" என்றான் டுவால்ட்டா. ஜூரிமார் சிரித்தார்கள்.

ஜூரி பன்னிரண்டு பேர். குழல் வாசிக்கிறவன் ஒருவன் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு துண்டு வெந்த இறைச்சியோடு விழித்திருந்தார்கள். பக்கத்தில் சாராயம் காய்ச்சும் கொப்பரையில் விக்ஸ்டெட்டின் எருது கொதித்துக்கொண்டிருந்தது. விக்ஸ்டெட் அடுத்த பண்ணைக்காரர். அவருடைய எருதின் வழக்கு காலையிலேயே முடிந்து தீர்ப்பும் நிறைவேறிவிட்டது. ஆங்கிலேயச் சட்டப்படி தூக்குக் கைதி வேதத்தில் ஒரு வரி வாசித்துக் காட்டினால் உயிர் தப்பலாம். நீதி எல்லாருக்கும் பொது, மாட்டுக்கும் அந்தச் சலுகை உண்டு என்று சொல்லி, டுவால்ட்டா எருதின் முன்னால் குடியேறிகளின் புராட்டஸ்டண்ட் கோயிலிலிருந்து எடுத்து வந்த ஜெபப் புத்தகத்தை விரித்துப் பிடித்தானாம். எருது வாசிக்கவில்லை. அதனால்தான் கொப்பரை.

ஒரு போர்வைக்குள் மூக்கு மட்டும் தெரிய விக்ஸ்டெட் நின்றுகொண்டிருந்தார். கொப்பரையிலிருந்து ஆவி அவர் பக்கமாக வீசியது. பில்பீமின் வாயில் எச்சில் ஊறிவிட்டது. முந்தின நாளிலிருந்து பட்டினி. நண்பரின் எருது என்ற துக்கத்தோடு வாயைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் இப்படியே வேடிக்கையாக நடந்துவிடவில்லை. மாவு அரைக்கிற ஓல்டேக்கர் தன் ஆலை வாசலில் கவைக்கோலோடு நின்று மறித்தான். ஆலைச் சக்கரத்துக்குக் கீழே அவன் இன்னும் கிடந்தான். எடுக்க யாருக்கும் அனுமதி இல்லை. அவன் மனைவி கூட்டத்தின் ஓரத்தில் ஒரு காலி மரக்குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று காலையிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. அந்தப் பக்கம் பார்க்கும்போது டுவால்ட்டாவின் ஆட்களே கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள்.

"உர்சுலாவைக் கூப்பிடு," என்றான் டுவால்ட்டா.

உர்சுலா வந்தாள். கொப்பரையைப் பார்த்தாள், ஜூரியைப் பார்த்தாள், வாலைத் தூக்கி நீதிமன்றத்தின் முன் தன் அபிப்பிராயத்தைச் சாணமாகப் போட்டாள்.

"நீதிமன்ற அவமதிப்பு," என்றான் டுவால்ட்டா. "அதைத் தனியாப் பாத்துக்கலாம். முதல் குற்றம், அயர்லாந்துப் புல்லை ஏழு வருஷமா யாரையும் கேக்காமத் தின்னது. ரெண்டாவது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ன நம்ம காளைகளை ஏளனமாப் பாத்தது. குற்றத்தை ஒத்துக்கிறியா?"

உர்சுலா ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"வாசிக்கத் தெரியுமான்னு பாருங்கப்பா."

ஒருவன் ஜெபப் புத்தகத்தை அவள் மூக்கடியில் விரித்துப் பிடித்தான். உர்சுலா முகர்ந்தாள். நீண்ட நாக்கை வெளியே விட்டு ஒரு தாளைச் சுற்றி, சரக்கென்று கிழித்து, உள்ளே இழுத்துக்கொண்டாள். ஜூரி கைதட்டியது. குழல்காரன் விழித்துக்கொண்டு, தீர்ப்பு வந்துவிட்டது என்று நினைத்து, "குற்றவாளி!" என்று கத்திவிட்டு மறுபடி தூங்கினான்.

"எந்தத் தாளைத் தின்னுச்சு?" என்று டுவால்ட்டா கேட்டான்.

புத்தகத்தை வைத்திருந்தவன் கிழிந்த இடத்துக்கு அடுத்த பக்கத்தைப் பார்த்தான். "மன்னருக்கான ஜெபம்ணே."

டுவால்ட்டாவின் முகம் மாறியது. "அய்யய்யோ! நாம மன்னருக்காகத்தானேய்யா கலகம் பண்றோம்?"

இதுவும் உண்மைதான். அந்த வருஷம் எல்லாரும் மன்னருக்காகத்தான் வெட்டிக்கொண்டார்கள். மன்னரைத்தான் யாரும் கேட்கவில்லை.

"தின்னது வேற, வாசிச்சது வேற," என்று முடிவு கட்டினான். "சீமைப் பசு. கொப்பரைக்குக் கொண்டு போங்க."

பில்பீம் எழுந்தார். பாவாடை நழுவியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை உயர்த்தினார். "நான் சாட்சி சொல்லணும்!"

"சொல்லுங்க தொரை."

சொன்னால்தான் உர்சுலா பிழைப்பாள். சொன்னால் பிரபு, தொழுவம், வண்டியைவிட்டு இறங்கிய மன்னர், எல்லாம் போய்விடும். அதுவும் விக்ஸ்டெட்டின் காதில் விழ. தாமசின் பின்னாலிருந்து அவர் இடுப்பில் கிள்ளினாள். பூச்சி ஓட்டை வழியாகக் கிள்ளு நேராகப் போய்ச் சேர்ந்தது.

"அவ... அவ சீமைப் பசு இல்லை," என்றார் பில்பீம். "நாட்டு மாடு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "ஏன் தொரை, கப்பல்ல வந்து இறங்கினதை நாங்கதானே கயித்தைப் பிடிச்சு இறக்கினோம்?"

"வந்தவதான். ஆனா அவ அம்மா இங்கேயிருந்து போனவ. இங்கேயிருந்து வருஷா வருஷம் மாட்டைக் கப்பலேத்தி அங்கே விக்கிறாங்களா இல்லையா? அப்படிப் போனவ. அங்கே பெத்தா. மக தாய்வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கா."

ஜூரியில் ஒரு கிழவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் மகளும் அக்கரைக்குக் கட்டிக்கொடுத்துப் போனவள்.

"அப்ப அந்தப் பிரபு?" என்று கேட்டான் டுவால்ட்டா.

"பிரபு இல்லை."

"பெரிய பாட்டியைப் பாத்த மன்னர்?"

பில்பீம் கண்ணை மூடிக்கொண்டார். "பாக்கலை. வண்டியே வரலை."

போர்வைக்குள்ளிருந்து விக்ஸ்டெட் நிதானமாகச் சிரித்தார். எருது போன துக்கத்தில் அன்று அவருக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

"சரி, சோதிச்சுப் பாத்துடலாம்," என்றான் டுவால்ட்டா. "மாட்டை அவிழ்த்து விடுங்க. தொரை, உங்க பாஷையில கூப்பிடுங்க."

பில்பீம் ஆங்கிலத்தில் கூப்பிட்டார். பயத்தில் குரல் கீச்சென்று வந்தது. உர்சுலா காதைக்கூட அசைக்கவில்லை. பிறகு ஒனோராவைக் கூப்பிடச் சொன்னார்கள். உர்சுலாவைக் கன்றிலிருந்து வளர்த்துக் கறந்தவள் அவள்தான். பருத்த கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாக்கை மேலண்ணத்தில் தட்டி, ஐரிஷில் ஏதோ ஒரு வார்த்தை சொன்னாள். உர்சுலா நாலு கால் பாய்ச்சலில் வந்து அவள் கக்கத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நாட்டு மாடுதான்," என்றது ஜூரி.

பில்பீமுக்கு உயிர் வந்தது. ஆனால் டுவால்ட்டா வக்கீலின் பையை வெறுமனே தூக்கவில்லை.

"நாட்டு மாடுன்னா அது நம்ம மாடு. நம்ம மாடு எப்படி இங்கிலீஷ்காரன் தொழுவத்துல கட்டியிருக்கு? ஒனோரா, நீ ஓட்டிட்டுப் போ."

பில்பீம் பாய்ந்துபோய்க் கயிற்றைப் பிடித்தார். ஒனோரா ஒரு பக்கம் இழுத்தாள், இவர் ஒரு பக்கம் இழுத்தார். நடுவில் உர்சுலா சலித்துப்போய் ஓரடி பின்வாங்கி, தன் முழுக் கனத்தையும் பில்பீமின் வெறும் பாதத்தின் மேல் வைத்தாள்.

பில்பீம் வாயிலிருந்து வந்தது ஆங்கிலம் அல்ல. சுத்தமான ஐரிஷ். அதுவும் மாடு மேய்க்கிறவர்கள் மட்டும் அறிந்த வசவு. உர்சுலாவின் தாயில் ஆரம்பித்து, அவளுடைய ஒழுக்கத்தைத் தொட்டு, பிறக்கப் போகிற கன்றுகளின் தகப்பன்மாரைப் பற்றி விசாரித்துவிட்டு முடிந்தது.

"என்ன ஒரு உச்சரிப்பு!" என்றான் குழல்காரன். இந்தத் தடவை அவன் நன்றாக விழித்திருந்தான்.

"தொரை," டுவால்ட்டா பீப்பாயைவிட்டு இறங்கி வந்தான். "உங்களுக்கு எங்க பாஷை ஒரு வார்த்தை தெரியாதுன்னு சொல்லிச் சொல்லித்தானே எங்களை ஆள் வச்சுப் பேசச் சொன்னீங்க?"

"கால் வலியில..."

"வலியில வர்றதுதான்யா தாய்மொழி. ஜூரிமாரே, இவரும் நம்ம ஆளுதான்னு எனக்குத் தோணுது. மாடு இங்கிருந்து போய்த் திரும்பி வந்த மாதிரி, இவர் பாட்டியும் யாராவது இங்கிருந்து போயிருப்பா." கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். மூன்றாவது பொத்தான் தெறித்துச் சாணத்தில் விழுந்தது. "வாயைத் திறந்து சொல்லுங்க. 'நான் ஐரிஷ்காரன்.' சொன்னா நாட்டு மாடு நாட்டு மனுஷனோட போகட்டும். சொல்லலைன்னா ஒனோரா ஓட்டிட்டுப் போவா."

போர்வைகளும் சாக்குகளும் சுற்றிய குடியேறிகள் எல்லாரும் பில்பீமைப் பார்த்தார்கள். பில்பீம் அவர்களைப் பார்த்தார். பிறகு உர்சுலாவைப் பார்த்தார். அவள் அவருடைய பாவாடையின் ஓரத்தை மென்றுகொண்டிருந்தாள்.

"சொல்லித் தொலைங்களேன்!" என்றாள் தாமசின். "சொன்னா என்ன, மூக்கு வேற பக்கம் திரும்பிக்குமா?"

சொன்னார். முனகலாக. சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். சத்தமாகச் சொன்னார்.

குடியேறிகள் எல்லாரையும் ஆங்கிலேயர் கையில் இருந்த டப்ளினுக்கு விரட்டிவிட்டார்கள். புறப்படும்போது ஒனோரா உர்சுலாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "தொரை, பாட்டு இல்லாம அவ மடி இறக்கமாட்டா. கத்துக்குங்க," என்று காதோரமாகப் பாடிக் காட்டினாள்.

*சொரந்து குடுடி என் குண்டி பெருத்தவளே,*
*சொரக்கலைன்னா வித்துடுவேன் இங்கிலீஷ்காரன்கிட்ட.*

பில்பீம் அதிர்ந்துபோனார். "இத்தனை வருஷமா என் மாட்டுக்கிட்ட இதையா பாடிக்கிட்டிருந்தே?"

"வேற எதைச் சொன்னாலும் அவ பயப்படமாட்டேங்கிறா தொரை."

டப்ளினுக்குப் போகும் வழியில் மழை பெய்தது. பிறகு பனி பெய்தது. குடியேறிகள் பில்பீமோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஐரிஷ்காரனோடு என்ன பேச்சு? விக்ஸ்டெட் அவருக்குப் பக்கத்தில் நடக்க நேர்ந்தால் சாலையின் மறுபக்கம் போய்விடுவார். ஆனால் பசிக்கு அந்த ரோஷம் கிடையாது. சாயங்காலமானால் எல்லாரும் உர்சுலாவைச் சுற்றி எதுவும் கேட்காதவர்கள் போல நின்றார்கள்.

முதல் நாள் பில்பீம் ஆங்கிலத்தில் கெஞ்சிப் பார்த்தார். ஒரு தோத்திரப் பாட்டைக்கூடப் பாடிப் பார்த்தார். உர்சுலா ஒரு சொட்டு விடவில்லை. கடைசியில் வெட்கத்தை விழுங்கிவிட்டு ஒனோராவின் பாட்டை எடுத்தார். பால் சர்ரென்று இறங்கியது. குடியேறிகள் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறு கையால் குவளையை நீட்டினார்கள். விக்ஸ்டெட்டுக்கு இரண்டு காதையும் பொத்த வேண்டியிருந்ததால் குவளையைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தார். ஓல்டேக்கரின் மனைவி மட்டும் காதைப் பொத்தவில்லை. தன் குவளையை நீட்டினாள், வாங்கினாள், இருமிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தாள். அந்தப் பெண் மறுநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. சாலையோரத்தில் மண் இறுகிக் கிடந்தது. கல்லைத்தான் அடுக்கி மூட முடிந்தது.

நகரத்து வாசலில் எதிரே ஆங்கிலேயக் குதிரைப்படை ஒன்று கிராமங்களை நோக்கிப் போனது. இவர்களுடைய கதையைக் கேட்டு ஆத்திரப்பட்டார்கள். போகிற வழியில் எந்தக் கிராமம் முதலில் வரும் என்றும் விசாரித்துக்கொண்டார்கள்.

டப்ளினில் குடியேறிகளின் இழப்பைச் சத்தியப் பிரமாணமாகக் கேட்பதற்கு ஒரு கோயில் மண்டபத்தில் பாதிரியார் கிரிம்ப்ளி உட்கார்ந்திருந்தார். பிரம்மாண்டமான ஆள், அங்கி அவருக்குக் கூடாரம் மாதிரி இருந்தது. லத்தீன், கிரேக்கம், எபிரேயம் மூன்றும் அத்துபடி என்று எல்லாரிடமும் சொல்லுவார். சோதிக்கக்கூடிய ஆள் அந்தக் கோயிலில் யாரும் இல்லை. அடுத்த ஞாயிறு பேராயர் வருகிறார். அன்றைய பிரசங்கத்துக்கு ஓர் அற்புதம் வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டிருந்தார்.

விக்ஸ்டெட் பைபிளில் கை வைத்துத் தன் இழப்பைச் சொன்னார். டப்ளினை நெருங்க நெருங்க அவருடைய மாடுகள் கன்று போட்டிருந்தன, எருதுகள் உட்பட. ஒழுகுகிற ஓலைக் கூரைக்கு இப்போது ஓடு வேய்ந்திருந்தது. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத் திரும்பும்போது, வாசலில் உர்சுலா உயிரோடு நிற்பது அவர் கண்ணில் குத்தியது.

"ஐயா, அந்தப் பாவாடைக்காரர் தன் வாயாலேயே 'நான் ஐரிஷ்காரன்'னு சொன்னவர். அந்த மாடும் நாட்டு மாடுன்னு கலகக்காரன் கோர்ட்டுலயே தீர்ப்பாயிருக்கு."

கிரிம்ப்ளி நிமிர்ந்தார். "கலகக்காரனுடைய கோர்ட்டு செல்லாது. ஆகவே அந்த விடுதலையும் செல்லாது. மறுபடி விசாரிக்கணும். சீமைப் பசுன்னா உரியவர்கிட்டே இருக்கலாம். நாட்டு மாடுன்னா எதிரியோட சொத்து." படைக்கு இறைச்சி தேடி வந்து நின்ற கோட்டையின் சமையல்காரனைக் கண்ணால் கூப்பிட்டார். அவன் கயிற்றோடு வந்தான்.

அதே பசு, அதே வழக்கு. அங்கே பீப்பாய், இங்கே நாற்காலி. கொப்பரைகூட எங்கோ பின்னால் கொதிக்கும் வாசனை வந்தது.

"சீமைப் பசுதான் ஐயா!" என்றார் பில்பீம். "தாய் ஒரு பிரபுவோட தொழுவத்துல..."

"பிரபு இல்லைன்னு இவரே சொன்னார்," என்றார் விக்ஸ்டெட். "வண்டியே வரலைன்னும் சொன்னார்."

கிரிம்ப்ளி வாசலுக்கு வந்து கைகளை விரித்து, பிரசங்கம் செய்கிற ஆங்கிலத்தில், "வா இங்கே!" என்று உர்சுலாவை அழைத்தார். தெருக்கோடியில் ஒரு நாய் எழுந்து வந்தது. உர்சுலா வரவில்லை. சமையல்காரன் கயிற்றைச் சுருக்குப் போட்டான்.

"அந்தத் தாளைச் சொல்லுங்க," என்று தாமசின் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

"எந்தத் தாள்?"

"அவ தின்ன தாளுங்க!"

பில்பீம் ஒரு கணம் விழித்தார். பிறகு, உடைந்த பொத்தானைத் தந்தம் என்று சொல்லி விற்ற காலத்துக் குரல் அவர் தொண்டையில் எழுந்து உட்கார்ந்தது.

"ஐயா, நம்ம ஜெபப் புத்தகத்தை அந்தப் பாவிங்க காலால மிதிக்கப் போனாங்க. மனுஷங்க நாங்க எல்லாரும் பயந்து நின்னோம். இவதான் பாய்ஞ்சு போய், மன்னருக்கான ஜெபம் இருந்த தாளை மட்டும் கிழிச்செடுத்து, எதிரி கையில படாம முழுங்கிட்டா. மத்த தாளைத் தொடலை. அந்த ஒண்ணைத்தான்!"

கிரிம்ப்ளி ஓரடி முன்னால் வந்தார். "மென்னாளா?"

"முழுங்கினா ஐயா. அப்புறந்தான் கொஞ்சங் கொஞ்சமா வெளியே எடுத்துத் தியானம் பண்றா."

எல்லாரும் உர்சுலாவைப் பார்த்தார்கள். அவள் கண்களைப் பாதி மூடிக்கொண்டு அசை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்பவுமா?" என்றார் கிரிம்ப்ளி தாழ்ந்த குரலில்.

"இப்பவுந்தான் ஐயா."

கிரிம்ப்ளி தொப்பியைக் கழற்றினார். சமையல்காரன் அதைப் பார்த்துவிட்டுக் கயிற்றைக் கீழே போட்டான்.

"பொய்!" என்றார் விக்ஸ்டெட். "அது சும்மா..."

"தின்னுச்சு," என்றது ஒரு குரல். ஓல்டேக்கரின் மனைவி. ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு அவள் பேசிய முதல் சொல் அது. "நான் பாத்தேன்." பிறகு விக்ஸ்டெட்டின் பக்கம் திரும்பினாள். "பல்லுல குவளையைக் கடிச்சுக் குடிச்சீங்களே, அது இந்த மாட்டுப் பால்தான்." மறுபடி வாயை மூடிக்கொண்டாள்.

விக்ஸ்டெட் எருதுகள் போட்ட கன்றுகளின் கணக்கைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

கோயிலுக்குப் பின்னால் உர்சுலாவுக்குத் தொழுவம் கட்டினார்கள். கொம்பில் நீல நாடா கட்டினார்கள். கத்தோலிக்கக் கலகக்காரர்களிடமிருந்து தப்பி வந்ததால் புராட்டஸ்டண்ட் பால் என்று பேர் வைத்து, உடம்புக்கு முடியாத பெரிய மனிதர்களின் வீட்டுக்கு அனுப்பினார்கள். பில்பீமுக்குப் புதுக் கால்சட்டையும் ஒரு பதவியும் கிடைத்தன. சாணம் அள்ளுவதும் பால் கறப்பதும்தான் பதவி. ஆனால் கோயில் பணியாளர் என்று பட்டம். அவர் வாழ்க்கையில் தானாகச் சேர்த்துக்கொள்ளாத முதல் பட்டம் அது.

ஆனால் பாட்டு இல்லாமல் உர்சுலா மடி இறக்கமாட்டாளே! விடியற்காலையில் தாமசின் வாசலில் நின்று காவல் காப்பாள். பில்பீம் உர்சுலாவின் விலாவில் நெற்றியை வைத்து, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, மூச்சுவிடுகிற சத்தத்தில் பாடுவார். யாராவது வந்தால் தாமசின் இருமுவாள். டப்ளினில் ஐரிஷ் பாடி மாட்டிக்கொண்டால் உர்சுலாவுக்குக் கொப்பரை, அவருக்குக் கயிறு.

சனிக்கிழமை காலை தாமசினுக்கு உண்மையாகவே சளி. இருமிக்கொண்டே இருந்தாள். எந்த இருமல் எதற்கு என்று தெரியாமல் பில்பீம் பாடிக்கொண்டே இருந்தார். போர்வையைத் தூக்கிப் பார்த்தபோது கிரிம்ப்ளி நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அது?"

"ஜெ... ஜெபம் ஐயா."

"என்ன பாஷை?"

பில்பீமின் வாயிலிருந்து அதுவாகவே வந்துவிட்டது. "எபிரேயம்."

கிரிம்ப்ளி நெடுநேரம் அவரைப் பார்த்தார். தாமசின் இருமலை நிறுத்திவிட்டாள். உர்சுலாகூட அசை போடுவதை நிறுத்தினாள்.

"ஆமாம்," என்றார் கிரிம்ப்ளி மெல்ல. "பழைய எபிரேயம். எனக்குத் தெரியாதா? உன் உச்சரிப்புதான் கொஞ்சம் திருந்தணும். மறுபடி சொல்லு."

சொன்னார். கிரிம்ப்ளி கூடவே சொன்னார். எதற்கு இவ்வளவு அக்கறையாகப் பாடம் பண்ணுகிறார் என்று அப்போது பில்பீமுக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேராயர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் நெரிந்தது. உர்சுலாவை எல்லாரும் பார்க்கும்படி கோயில் படிக்கட்டில் கட்டியிருந்தார்கள். கிரிம்ப்ளி பிரசங்க மேடையில் ஏறினார். வேதத்தை வயிற்றில் காத்த பசுவைப் பற்றிப் பேசினார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தப் பசுவை ஆற்றுப்படுத்தும் பழைய எபிரேய மன்றாட்டை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். எல்லாரும் தலைகுனியுங்கள்," என்றார்.

பில்பீம் கடைசி வரிசையில் தாமசினின் கையை இறுகப் பிடித்தார்.

கிரிம்ப்ளி வானத்தை நோக்கிக் கையை உயர்த்தினார். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, சாந்தமாக, கனமாக, உர்சுலாவின் பின்பக்கத்தைப் பற்றியும் இங்கிலீஷ்காரனுக்கு விற்பதைப் பற்றியும் சொல்லி முடித்தார்.

"ஆமென்," என்றார் பேராயர்.

தூண் பக்கத்தில் மெழுகுவர்த்தி மாற்றிக்கொண்டிருந்த ஐரிஷ் வேலைக்காரி ஒருத்தி தன் சால்வையை வாயில் திணித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்தி மேலிட்டு மயங்கினாள் என்று நினைத்து இரண்டு சீமாட்டிகள் விசிறிவிட்டார்கள்.

வாசலுக்கு வெளியே, படிக்கட்டில், உர்சுலா காதை நிமிர்த்தினாள். யாரும் தொடாமலே மடி இறங்கிற்று. பால் படி படியாக வழிந்து தெருவுக்குப் போனது.

"அற்புதம்!" என்று யாரோ கத்தினார்கள்.

பில்பீம் வாளியை எடுத்துக்கொண்டு ஓடினார்.